இடது ஷூவின் சபதம்

நாள் முழுக்க மலை ஏறி இறங்கும் நெடுந்தூர ஓட்டம் அது. கடைசி இறக்கத்தில் பாறை இடித்து மூக்கு கிழிந்ததும், ரோஸ்லினின் இடது ஷூ சபதம் போட்டது: "செத்தாலும் இனிமே மலைப்பக்கம் வரமாட்டேன்டா!"

"நானும்தான்," என்றது சேறு அப்பிய வலது ஷூ.

மறுவாரமே ரோஸ்லின் நொண்டி நொண்டிப் போய், காலண்டரில் இந்த வருஷம் ஓடவேண்டிய மூன்று மலைகளைக் குறித்தாள். பிறகு ஒரு பெட்டியைத் திறந்து, பளபளவென்று ஒரு புது ஜோடியை வெளியே எடுத்தாள்.

இடதுக்கு வயிறு எரிந்தது. "இதுக்கு வழுக்குப்பாறை தெரியுமா? ஓடையில இறக்கினா அழுதுடும்!"

"நாமதான் வரலைன்னு சொல்லிட்டோமே. உனக்கென்ன?" என்றது வலது.

ரோஸ்லின் புதுசைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தாள். முகத்தைச் சுளித்துக் கழற்றினாள். பழசை மடியில் வைத்து, கிழிந்த மூக்கில் பசை தடவி அழுத்திப் பிடித்தாள். "முதல் மலைக்கு நீங்களே வாங்கப்பா."

பசை காயும்முன்பே இடது துள்ளியது. "எப்போ கிளம்பறோம்?"

"அப்போ சபதம்?"

"அட, அது இறக்கத்துல சொன்னதுடா. இது ஏத்தத்துலதானே ஆரம்பிக்குது!"