புதுக் கீறல்

"எறங்குடா கீழ! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

நீர் சொட்டும், பாதி வெட்டிய சுரங்கத்துக்குள் லாரியின் புதுக் கீறல்மேல் டார்ச்சை அடித்துக் கத்தினார் மேற்பார்வையாளர். ஓட்டுநர் அவருடைய மனைவியின் தம்பி.

"நேராத்தான் ரிவர்ஸ் எடுத்தேன் அத்தான். காலையில தாராளமா உள்ள வந்த வண்டி."

"அதான் கேக்கறேன்! உங்கக்கா முகத்துக்காகத்தான் உன்னைப் பொறுத்துக்கறேன். தள்ளு, நானே எடுக்கறேன்."

சுரங்க வாசலை நோக்கி அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தார். கிறீச்! வண்டி சிக்கி நின்றது.

"எந்தப் பக்கம்டா இடிக்குது?"

"ரெண்டு பக்கமும் அத்தான்."

அவர் ஜன்னல் வழியே டார்ச்சைச் சுவர்மேல் அடித்தார். தண்ணீர் குடித்த மென்பாறை காலையிலிருந்து உப்பிக்கொண்டே வந்திருக்கிறது.

"தப்பு உம்மேல இல்லடா. உள்ள பாறை வெட்டிட்டிருக்கறவங்க எல்லாரையும் வண்டிக்கு அடியில புகுந்து ஓடச் சொல்லு! சுவர் நெருங்கி வருது!"