இரண்டாவது அகப்பை

தாது வருஷப் பஞ்சத்துக் கஞ்சித்தொட்டிப் பதிவேட்டை மூன்று நாளாகப் புரட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"கெடச்சிட்டாருய்யா! எங்க வம்சத்துக்கே மூத்தவரு, சடையாண்டி!"

"மெதுவாம்மா, மத்தவங்க படிக்கிறாங்க" என்றபடி ஆவணக் காப்பக ஊழியர் வந்து பதிவேட்டின் மேல் குனிந்தார்.

பேச்சி, சடையாண்டி: இரண்டு பேர், இரண்டு அகப்பைக் கஞ்சி. பேச்சிக்கு வயது பத்தொன்பது. சடையாண்டியின் வயதுக் கட்டத்தில் அன்றைய எழுத்தர் நுணுக்கி எழுதியிருந்தார்: 'ஆளைக் காட்டு என்றதற்கு வயிற்றைக் காட்டினாள். இரண்டாவது அகப்பையும் ஊற்றச் சொன்னேன்.'

ஊழியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"பொறக்குறதுக்கு முன்னாடி யாராவது பேரு வைப்பாங்களாம்மா?"

"பேரு இல்லாம கஞ்சி ஊத்துவாங்களாய்யா?" என்றாள் வேலுத்தாய், அறையே திரும்பிப் பார்க்கும்படி.