தொட்டி விளிம்பில் ஈரம்

ஜெர்மன் சண்டைக்குத் தானாகவே பேர் கொடுத்துக் கன்னியப்பன் பஸ்ராவுக்குக் கப்பலேறிய பிறகும், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவன் புரட்டிவந்த தொட்டித் தோல்கள், வேறு ஆள் யாரும் இறங்காமலே, விடிவதற்குள் புரட்டப்பட்டே கிடந்தன. தொட்டியிலிருந்து ஏறுகிறவர்கள் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றித்தான் ஏறுவார்கள். அவனுடைய தொட்டி விளிம்பிலும் ஆவாரம்பட்டைச் சாறு ஊறிய இரண்டு கைத்தடங்கள் தினமும் இருந்தன. இடது சுண்டுவிரல், அவனுக்கு இருந்ததுபோலவே, வளைந்திருந்தது. அவன் மனைவி எல்லம்மா வேலைக்கு வந்ததும் அவற்றைப் பார்ப்பாள். பிறகு கழுவிவிடுவாள்.

ஒரு நாள் தோல்கள் புரளவில்லை. விளிம்பு காய்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. பஸ்ரா பக்கம் பெரிய சண்டையென்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

"வேற ஆளப் போட்டுக்கறேன், எல்லம்மா," என்றார் மேஸ்திரி சின்னசாமி.

"இன்னும் கொஞ்சம் பாருங்க மேஸ்திரி."

அந்த வாரக் கடைசியில் தோல்கள் பாதி மட்டும் புரண்டு, கோணல்மாணலாகக் கிடந்தன. விளிம்பில் ஈரமாக ஒரே ஒரு கைத்தடம். சுண்டுவிரல் வளைந்த இடது கை.

"இருக்காரு மேஸ்திரி," என்றாள் எல்லம்மா.

அன்றைக்கு அவள் அதைக் கழுவவில்லை. தானே தொட்டியில் இறங்கி மீதித் தோல்களைப் புரட்டினாள். சாயங்காலம் வீட்டில் பெட்டியைத் திறந்து அவனுடைய சட்டைகளை எடுத்தாள். அவற்றின் வலது கையை மட்டும் மடித்துத் தைக்க உட்கார்ந்தாள்.