நெருப்புக் கை

இஸ்திரிக்காரன் மகளின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது.

நம்பிக்கை வராமல் கழுத்தில் வைத்துப் பார்த்தான். பாதத்திலும் பார்த்தான். மூன்று நாளாகக் கொதித்த உடம்பில் சூடே இல்லை.

அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லையென்றால் உடனே கூட்டி வா, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்றுதான் மூன்றாம் நாள். ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே மகள் ஊரைக் கூட்டுவாள். அவள் அழுதால் இவனுக்குக் கை கால் ஓடாது.

தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்த மனைவியிடம் போனில் சொல்லிவிட்டான், பதறி ஓடிவர வேண்டாமென்று. பிறகு டாக்டருக்கும், மருந்துக் கடைக்காரருக்கும், கண்ணுக்குத் தெரிந்த தெய்வங்களுக்கும் மனதுக்குள் நன்றி சொன்னான்.

மகள் சுவரைப் பார்த்தபடி சுருண்டு கிடந்தாள். காலையில் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது. நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

வேலை முடிந்து திரும்பிய மாடி வீட்டு நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். மருந்தைப் பிள்ளையின் எடைக்குத் தக்கபடி அளந்து கொடுக்கச் சொன்னது அவள்தான். இவன் பாசத்தோடு போர்த்தியிருந்த மூன்று போர்வைகளை முந்தாநாள் உருவி எறிந்ததும் அவள்தான்.

தண்ணீர் டம்ளரைப் பார்த்தாள். பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் குழந்தையின் அக்குளில் வைத்தாள்.

நூற்றி மூன்று.

இஸ்திரிக்காரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருடமாகச் சூட்டோடு மாரடிக்கிறவன். பெட்டியின் மேல் விரலைக் காட்டினாலே பட்டுக்கு ஆகுமா, பருத்திக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவான். தெருவே அவனை நெருப்புக் கை என்றுதான் கூப்பிடும்.

"உங்க மெஷின் கெட்டுப்போச்சுக்கா. இப்பப் பாருங்க!"

வெடுக்கென்று பிடுங்கித் தன் அக்குளில் வைத்துக்கொண்டான். பீப் என்றதும் வெற்றியோடு நீட்டினான். அப்போதும் நூற்றி மூன்று. கல்லுக்கு வைத்தாலும் இதையேதான் காட்டும் போல.

நர்ஸ் அக்கா சிரிக்கவில்லை. தெர்மாமீட்டரைப் பஞ்சால் துடைத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றி எட்டு.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து முதுகு வலித்தது, நின்று தேய்த்ததால் என்று நினைத்திருந்தான். கண் எரிந்ததைத் தூக்கமில்லாததன் மேல் போட்டிருந்தான்.

அவள் எட்டி அவன் நெற்றியில் கை வைத்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. மகளின் நெற்றி இருந்ததைவிடவும்.

"தம்பி, ஆட்டோ கூப்பிடுறேன். ரெண்டு பேரும் கிளம்புங்க."

ஆட்டோவில் அவளுடைய ஒரு தோளில் மகளும் மறு தோளில் அவனும் சாய்ந்திருந்தார்கள். சற்று முன் யார் யாருக்கோ நன்றி சொன்னவன், இவளை மட்டும் எப்படி விட்டோம் என்று நினைத்தான்.

சொல்ல வாயெடுத்தான். அழுகைதான் வந்தது.

ஊசிக்குப் பயந்துதான் அப்பா அழுகிறார் என்று நினைத்து, மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.