உத்தரவு

ஆபரேஷன் என்றதும் அந்த அம்மாள், "சாமி உத்தரவு குடுத்தாத்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் மன்றாடிப் பார்த்துவிட்டு, மலையிலிருந்து வந்த சாமியாடியை வார்டுக்குள் விட டாக்டர் சம்மதித்தார்.

சாமியாடி கண்ணை மூடினார். உடம்பு உதறி அருள் வந்தது. "கத்தி வைக்கட்டும். பிழைச்சுக்குவே!" என்று அதட்டலாக ஒரு குரல் எழுந்தது.

அந்த அம்மாள் உடனே தலையாட்டினாள்.

வராந்தாவில் டாக்டர் சாமியாடியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சமயோசிதமாச் சொன்னீங்க. ரொம்ப நன்றிங்க."

"நான் என்ன சொன்னேன்? அருள் இறங்கிட்டா எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுங்க."

"ஆபரேஷன் பண்ணச் சொன்னீங்களே!"

சாமியாடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வேண்டாம்னு சொல்லச் சொல்லி வழியெல்லாம் சாமிகிட்டக் கெஞ்சிக்கிட்டு வந்தேனே! என் தம்பி ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனவன் திரும்பி வரலைங்க."

டாக்டர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். "அந்த அம்மாவோட வீட்டுக்காரர் கையெழுத்துப் போடணும். எங்கே அவரு?"

சாமியாடி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

"சாமி சொல்லிட்டா மீற முடியாதுங்க. எங்கே போடணும், காட்டுங்க. அவ வீட்டுக்காரன் நான்தான்."