அரக்கோணத்தில் ஒரு வீடு

திருத்தணி மலையடிவார வீட்டைக் காலி செய்துகொண்டு கஜபதி அரக்கோணத்துக்குக் கிளம்பியபோது தெருவே விசாரித்தது.

"சொந்த வீட்ட வுட்டுட்டு இன்னாத்துக்குபா போற?"

"புள்ளைங்க படிப்பு, ரயில் வசதி, தண்ணி... எல்லாத்தையும் பாக்கணுமில்ல?" என்று கஜபதி மந்திரி மாதிரி அடுக்கினார். மனைவி பாஞ்சாலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீட்டை வாடகைக்கு எடுத்த மெக்கானிக் நசருல்லாவிடமும் அதையே சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

நான்கே மாதத்தில் ஆடிக் கிருத்திகை வந்தது. பாஞ்சாலிக்குக் காவடி வேண்டுதல். திருத்தணியில் எந்த லாட்ஜிலும் இடமில்லை. கஜபதி கூச்சத்தோடு பழைய வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். ஒரு குளியல் போட்டுட்டு மலையேறிடறோம்."

நசருல்லா சிரித்தார். "இதையே சொல்லிக்கினுதாங்க உள்ள இருபத்திரெண்டு பேர் இருக்காங்க."

"யாரு?"

"உங்க சொந்தக்காரங்கதான். வருசா வருசம் கிருத்திகைக்கு இங்கதான் தங்குவாங்களாமே? 'கஜபதி இல்லன்னா இன்னா, வீடு இருக்குதில்ல'ன்னு வந்துட்டாங்க."

எந்தக் கூட்டத்துக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடினாரோ, அதே கூட்டத்தின் கடைசி ஆளாக, தன் வீட்டுக் குளியலறை வாசலிலேயே கஜபதி துண்டோடு வரிசையில் நின்றார்.

நசருல்லா அவர் காதருகே குனிந்தார்.

"அண்ணே, அரக்கோணத்துல உங்க பக்கத்துல வேற வீடு ஏதாச்சும் காலியா இருக்குதுங்களா?"

"ஏன் பாய்?"

"புள்ளைங்க படிப்பு, ரயில் வசதி, தண்ணி... எல்லாத்தையும் பாக்கணுமில்ல?"