மூன்று ‘ரொம்ப’

“ரொம்ப மொக்கக்கா. ரொம்ப, ரொம்ப மொக்க.”

வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விஜயன் சொன்னான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாயா என்று அக்கா அனிதா கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

“நாளையோட தியேட்டர்லருந்து எடுத்துடறாங்களாம்டா.”

“எடுக்கட்டும். பாக்கறவன் தப்பிச்சான்.”

அனிதா திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் ஜாக்கெட் தைக்கிறாள். ஆடிக் கிருத்திகை நெருங்குவதால் பஸ்ஸில் காவடிக் கூட்டம், தங்கள் ஊரான கே.ஜி.கண்டிகை வரை நின்றுகொண்டே வந்திருந்தாள். பையைக் கீழே வைப்பதற்கும் தெம்பில்லாதவள்போல் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“நீ எந்தப் படத்தடா மொக்கன்னு சொல்லியிருக்கே? பாதியில கரண்டு போயி, கடைசி வரிக்கும் வராத படத்தையே ‘பரவால்ல’ன்னவன். இதுக்கு மட்டும் மூணு ரொம்பவா?”

“அவ்ளோ மோசம்க்கா. அதுக்கு நான் இன்னா பண்றது?”

“ஆங், எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.”

அது உண்மைதான். ஆட்டோ ஓட்டும் ஆறுமுகம், “ரொம்ப ஸ்லோம்மா. நம்ம ஆட்டோவத் தள்ளிகினு போனாகூட அத முந்திடலாம்” என்றிருந்தார். பக்கத்து மெஷினில் தைக்கும் மோனிகா, “ரொம்ப அறுவக்கா, ரொம்ப தலவலி” என்று நெற்றியைப் பிடித்துக் காட்டினாள். மோனிகா இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை.

எல்லாம் விஜயனின் ஏற்பாடு. படம் வந்த அன்றைக்கே பார்த்துவிட்டு, அக்காவோடு பேசக்கூடிய ஒவ்வொருவரையும் தேடிப் போய், “அக்கா கேட்டா நல்லா இல்லன்னு சொல்லிடுங்க” என்று கெஞ்சியிருந்தான். அவன் கேட்டது ‘நல்லா இல்ல’ மட்டும்தான். ‘ரொம்ப’வை அவரவர் பிரியத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

படத்தில் ஒரு பாப்பா வருகிறது. முன்பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டு, பார்ப்பவர்களிடம் எல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு, ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காது. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அது ஏரிப் பக்கம் விளையாடப் போகிறது. பிறகு அதன் செருப்பு மட்டும்தான் வீட்டுக்கு வருகிறது.

அந்த இடத்தில் விஜயன் எழுந்து வெளியே வந்துவிட்டான். வெயிலில் வரிசையாக நின்ற பைக்குகளுக்கு நடுவே, யாரோ பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டதுபோல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்குள் சுவரில், மாலை போட்ட போட்டோவில் அக்காவின் மகள் அபி சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் முன்பல் கிடையாது. போன வருஷத்து மழையில் நிரம்பிய ஏரி அவளைத் திருப்பித் தரவில்லை.

விஜயன் அக்காவின் மடியிலிருந்த பையை வாங்கினான். சாப்பாட்டு டப்பா கனத்தது. திறந்து பார்த்தால் அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு, மேலே வைத்த அப்பளம்கூடக் கலையாமல் இருந்தது. இந்த வாரம் முழுக்க இப்படித்தான்.

“இன்னிக்கும் சாப்பிடலயா?”

“நேரம் இல்லடா.”

“ஆடி மாசத்துல இன்னாக்கா அவ்ளோ தையல்? கடையில ஈ ஓட்டிகினு இருக்கறோம்னு நீதானே சொன்னே?”

அவள் கொசுவத்தைத் தளர்த்திவிட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

“சரி, படத்துக்குப் போலாமா வேணாமா? அதச் சொல்லு.”

“வேணாம்க்கா. அடுத்து வேற படம் வரும். நானே கூட்டிகினு போறேன்.”

“மொக்கப் படத்துக்கு யாருடா இத்தினி ரொம்ப போடுவாங்க?” அவள் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. “நல்லா இல்லன்னு ஒரு வார்த்தையில விட்டிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். ஆறுமுகத்தண்ணன் சொல்லும்போதே அந்தாளு மூஞ்சி சரியில்ல. இத்தினி பேரு சேந்துகினு என்கிட்ட ஒண்ண மறைக்கறீங்கன்னா அது எதுவா இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

விஜயன் டப்பாவை அழுத்தி மூடினான்.

“போய்ட்டு வந்துட்டேன்டா,” என்றாள்.

“எப்போ?”

“திங்கக்கெழம. அப்பறம் தெனமும். சாப்பாட்டு நேரத்துக்குப் போயிடுவேன்.”

அவன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். “தெனமுமா? அத எப்டிக்கா உக்காந்து... செகண்ட் ஆஃப்ல அந்தப் பாப்பா...”

“சொல்லாதே.”

அவன் வாயைப் பொத்துவதுபோல் கையை நீட்டினாள்.

“இன்டர்வெல் விட்டதும் நான் எழுந்து வந்துடறேன். நாளைக்குக் கடை லீவு. திருத்தணிக்கு எதுக்குப் போறேன்னு வீட்டுல கேப்பாங்க. நாளைக்கு விட்டா அப்பறம் இல்ல. நீ கூட்டிகினு போ.”

விஜயன் தலையை மட்டும் ஆட்டினான். அக்கா எழுந்து, டப்பாவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே போகிறவள் போட்டோவுக்கு நேரே வந்ததும் நின்று திரும்பினாள்.

“ஃபர்ஸ்ட் ஆஃப் ரொம்ப நல்லா இருக்குதுடா.”